டேட்டாபேஸ் குவரி பாடம்: சேருமுன் கேட்டவையும் என் பதில்களும்

சேலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.சி.ஏ. முதலாமாண்டுக்கு டேட்டாபேஸ் குவரி பாடமும் அதன் லேபும் 12 வருடமாக எடுத்து வருகிறேன். டேட்டாபேஸ் என்பது தகவல்களை டேபிள்களாகச் சேமித்து வைக்கும் இடம்; அதனிடம் கேட்கிற கேள்விதான் குவரி. இந்த செமஸ்டர் தொடங்குமுன் மாணவர்களும் பெற்றோர்களும் நிறையக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து, பதில்களை இங்கே எழுதுகிறேன்.

வாழப்பாடியிலிருந்து ஒரு மாணவி: வணக்கம் மேடம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். கம்ப்யூட்டர் குரூப்பும் இல்லை. இந்தப் பாடம் எனக்கு வருமா?

வரும்மா. முதல் செமஸ்டரில் நாம் தொடுகிற எஸ்.க்யூ.எல். (குவரி எழுதும் மொழி) சொற்கள் மொத்தமே முப்பது நாற்பதுதான். செலக்ட், ஃப்ரம், வேர், குரூப் பை, ஹேவிங், ஆர்டர் பை என்று வரிசையாக வரும். அந்த ஆங்கிலம் இரண்டு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். யாரும் தோற்பது அங்கே இல்லை. கேள்வியையே புரிந்துகொள்ளாமல் விசைப்பலகையில் கை வைப்பதில்தான்.

அதனால் என் வகுப்பில் ஒரு விதி உண்டு. குவரி எழுதுமுன் அப்சர்வேஷன் நோட்டில் கேள்வியைத் தமிழில் எழுத வேண்டும். அதற்குக் கீழே ஒரு வரி: "விடையில் ஒரு ரோ என்பது எதைக் குறிக்கிறது?" ரோ என்றால் டேபிளில் ஒரு வரிசை. உதாரணமாக, "ஒவ்வொரு ஊரிலிருந்தும் எத்தனை மாணவர்கள் வருகிறார்கள்?" என்பது கேள்வி. விடையில் ஒரு ரோ என்பது ஒரு ஊர். ஒரு மாணவர் இல்லை. இதை எழுதிவிட்டால் குரூப் பை (ரோக்களைக் குழுவாகச் சேர்ப்பது) எந்த ஃபீல்டின் (டேபிளின் பத்தியின்) மேல் வரும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒவ்வொரு பயிற்சிக்கும் 10 மதிப்பெண் என்றால் அதில் 4 இந்த இரண்டு வரிகளுக்கு. தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் இந்த 4 மதிப்பெண்ணை முழுதாக வாங்குவதைப் பல வருடமாகப் பார்க்கிறேன்.

ஏற்காட்டிலிருந்து ஒரு தாய்: என் பையன் மலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரணும். மழை, பனி என்றால் பஸ் லேட் ஆகும். அட்டெண்டன்ஸ் போய்விடுமா?

அம்மா, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிற பிள்ளைக்கு அதன் கஷ்டம் எனக்குத் தெரியும். 75 சதவீத வருகை என்பது பல்கலைக்கழக விதி. அதை நான் தளர்த்த முடியாது. என் கையில் இருப்பதைச் சொல்கிறேன். லேபை முதல் பீரியடில் வைப்பதில்லை. மதியம்தான். தியரி வகுப்புக்கு 10 நிமிடம் வரை தாமதமானால் உள்ளே விட்டு வருகையும் போட்டுவிடுவேன். அதற்கு மேல் ஆனாலும் வகுப்பில் உட்காரலாம், வருகை மட்டும் கிடையாது. பஸ் வராத நாளில் காலையிலேயே வகுப்புப் பிரதிநிதிக்கு ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். விட்ட லேபை அதே வாரத்தில் இன்னொரு பேட்சோடு உட்கார்ந்து முடிக்கலாம். அடுத்த வாரம் வந்து கேட்டால் முடியாது, ஏனென்றால் பயிற்சிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகின்றன.

மாணவர், ஆத்தூர்: லேப்டாப் கட்டாயமா மேடம்?

கட்டாயம் இல்லை. வட்டிக்கு வாங்கி லேப்டாப் எடுக்காதீர்கள். லேப் மாலை 5 மணி வரை திறந்திருக்கும். வீட்டில் பழக ஆண்ட்ராய்டு ஃபோன் போதும். அந்த ஃபோனுக்குள்ளேயே எஸ்.க்யூ.லைட் என்கிற டேட்டாபேஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் தொடர்பு எண்கள் எல்லாம் அதில்தான் பதிவாகியிருக்கின்றன. பழகுவதற்கு இலவச ஆப்கள் உண்டு. லேபில் நாம் பயன்படுத்துவது மைஎஸ்க்யூஎல் 8.

மொழியின் பெயரைச் சீக்வல் என்பதா, எஸ்.க்யூ.எல். என்பதா?

இரண்டும் சரி. ஐ.பி.எம்.மில் எட்கர் காட் 1970இல் தரவை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாடலை வெளியிட்டார். அதை வைத்து சேம்பர்லினும் பாய்ஸும் 1974இல் ஒரு மொழியை முன்வைத்தபோது அதன் பெயர் சீக்வல். அந்தப் பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்ததால் சுருக்கினார்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எப்படிச் சொன்னாலும் மதிப்பெண் குறையாது.

மாணவர், ஓமலூர்: சீனியர் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதலாம் என்கிறார்கள். இன்டர்னல் எப்படிப் போடுவீர்கள்?

லேப் இன்டர்னல், அதாவது கல்லூரியே போடும் மதிப்பெண், 40. அதில் வாரப் பயிற்சி 15, இரண்டு லேப் டெஸ்ட் 15, ரெக்கார்ட் (செய்த பயிற்சிகளை எழுதி வைக்கும் நோட்டு) 10. ரெக்கார்டுக்குக் குறைவாக வைத்திருப்பதே இந்தக் காரணத்துக்காகத்தான். அழகான கையெழுத்தில் சீனியரின் அவுட்புட்டை அப்படியே இறக்கி வைத்த நோட்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு வருடமும் டேபிளில் உள்ள தரவை மாற்றிவிடுகிறேன். சீனியர் நோட்டில் உள்ள விடை உங்கள் டேபிளுக்குப் பொருந்தாது.

ரெக்கார்டில் எனக்கு வேண்டியது வேறு. ஒவ்வொரு பயிற்சியிலும் முதலில் வந்த எரர் செய்தியை அப்படியே எழுதி, எப்படிச் சரி செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். எரரே வராத ரெக்கார்டைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

தாமதமாகச் சமர்ப்பித்தால்?

ஒரு நாளுக்கு 1 மதிப்பெண் குறையும். மூன்று நாளுக்குப் பிறகு ஏற்பதில்லை. வீட்டில் துக்கம், உடம்பு சரியில்லை என்றால் வந்து சொல்லுங்கள், கடிதம்கூட வேண்டாம்.

மாணவி, சேலம்: ஏ.ஐ.யிடம் கேட்டு எழுதலாமா? வேலையில் எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள்?

முதல் ஆறு வாரம் வேண்டாம். அதற்குப் பிறகு, எரருக்கு விளக்கம் கேட்கலாம்; குவரியை எழுதி வாங்கக் கூடாது. கேட்டிருந்தால் ரெக்கார்டில் "கேட்டேன், இன்னது சொன்னது" என்று எழுதிவிடுங்கள். அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன். மறைத்தால்தான் அந்தப் பயிற்சிக்குப் பூஜ்யம்.

போன வருடம் ஒரு தம்பி "ஒவ்வொரு ஊரிலும் அதிக மதிப்பெண்" என்ற கேள்விக்கு, நான் நடத்தவே இல்லாத ரோ நம்பர் (ரோக்களுக்கு வரிசை எண் தருவது), பார்டிஷன் பை (பிரிவு பிரிவாகப் பிரிப்பது) எல்லாம் போட்டுக் கொண்டுவந்தார். விடை சரி. "சரிப்பா, இரண்டு பேர் ஒரே மதிப்பெண் எடுத்திருந்தால் இருவரும் வரணும், மாற்று" என்றேன். அரை மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோ நம்பர் என்பது சமமானவர்களுக்கும் வேறு வேறு எண் தரும், ரேங்க் என்று ஒரு சொல்லை மாற்றினால் போதும். அவர் எழுதியதாக இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை. அந்த வாரமே வெறும் மேக்ஸும் (அதிகபட்சம்) குரூப் பையும் வைத்துத் திரும்ப எழுத வைத்தேன். எழுதினார், மதிப்பெண்ணும் கொடுத்தேன்.

மாணவர், மேட்டூர்: லேப் டெஸ்டில் குவரி ஓடியது, விடையும் வந்தது. ஆனாலும் பாதி மதிப்பெண்தான். ஏன் மேடம்?

இது போன செமஸ்டர் கேள்வி, ஆனால் எல்லோருக்கும் உதவும். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

மாணவர் டேபிளில் 60 பேர். தேர்வு டேபிளில் 57 ரோதான், ஏனென்றால் 3 பேர் தேர்வுக்கு வரவில்லை. "எல்லா மாணவர் பெயரையும் மதிப்பெண்ணோடு காட்டு" என்பது கேள்வி. நீங்கள் சாதாரண ஜாயின் (இரண்டு டேபிளிலும் இருப்பவர்களை மட்டும் இணைப்பது) போட்டீர்கள். 57 பெயர் வந்தது, எரர் வரவில்லை. வராத 3 பேர் பட்டியலிலிருந்தே காணாமல் போய்விட்டார்கள். லெஃப்ட் ஜாயின் (முதல் டேபிளில் உள்ள எல்லோரையும் வைத்துக்கொண்டு இணைப்பது) போட்டிருந்தால் 60 பேரும் வருவார்கள், அந்த 3 பேருக்கு நேரே நல் என்று இருக்கும். "ஒரு ரோ என்பது ஒரு மாணவர்" என்று முதலில் எழுதியிருந்தால், 60 வரணுமே, ஏன் 57 என்று நீங்களே கேட்டிருப்பீர்கள்.

அடுத்தது அந்த நல். அது பூஜ்யம் இல்லை, வெற்று எழுத்தும் இல்லை; "தெரியாது" என்று பொருள். மூன்று பேரில் ஒருவர் 40, ஒருவர் 20, ஒருவர் வரவில்லை. சராசரி கேட்டால் ஏவிஜி 30 என்று சொல்லும், 20 என்று சொல்லாது, ஏனென்றால் நல்லை அது கணக்கிலேயே எடுக்காது. எது சரி என்பது கல்லூரி எதைக் கேட்கிறது என்பதைப் பொறுத்தது. வராதவரைத் தேட "மதிப்பெண் = நல்" என்று எழுதினால் ஒருவர்கூட வரமாட்டார். தெரியாததும் தெரியாததும் சமமா என்று கேட்டால் பதிலும் "தெரியாது"தான். "ஆம்" என்று வருகிற ரோவை மட்டுமே வேர் என்கிற நிபந்தனை உள்ளே விடும். "இஸ் நல்" என்றுதான் எழுத வேண்டும். அப்புறம் இன்னொன்று: லெஃப்ட் ஜாயினுக்குப் பின் ஒவ்வொருவருக்கும் எத்தனை தேர்வு என்று எண்ண, கவுண்ட்டுக்குள் நட்சத்திரம் (*) போட்டால் தேர்வுக்கு வராதவருக்கும் 1 என்று எண்ணிவிடும். தேர்வு டேபிளின் ஃபீல்டு பெயரைப் போட்டால்தான் 0 வரும்.

இது வெறும் மதிப்பெண் விஷயம் இல்லை. நாளைக்கு நீங்கள் ரேஷன் பட்டியலோ ஓய்வூதியப் பட்டியலோ எடுக்கிற இடத்தில் உட்காரலாம். ஜாயினில் விழுந்துபோன 3 பேர் அங்கே உயிருள்ள மனிதர்கள். அதனால்தான் பாதி மதிப்பெண்ணைப் பிடித்தேன்.

சேலம் லீ பஜார் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். எக்செல் தெரியும். மாணவன் இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

உங்கள் மண்டிக் கணக்கிலிருந்தே தொடங்குங்கள் அண்ணா. எக்செலில் வியாபாரி பெயரை ஒவ்வொரு வரியிலும் எழுதியிருப்பீர்கள். ஒருவரே மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார். வியாபாரிக்கு ஒரு டேபிள், அவருக்கு ஒரு எண். சரக்குக்கு இன்னொரு டேபிள், அதில் அந்த எண் மட்டும். இந்தப் பிரிப்பைக் காகிதத்தில் போட்டுவிட்டாலே பாதிப் பாடம் முடிந்தது.

மாணவி, ஏற்காடு: தமிழில் பெயர் போட்டால் கேள்விக்குறியாக வருகிறது. நீளமும் தப்பாக வருகிறது.

கேள்விக்குறி வந்தால் பெரும்பாலும் டேபிளின் எழுத்துத் தொகுப்பு பழையது என்று பொருள். அதை, எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யுடிஎஃப்8எம்பி4 என்று வையுங்கள். மைஎஸ்க்யூஎல் 8இல் தானாகவே அப்படித்தான் இருக்கும். ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமித்ததை மீட்க முடியாது, திரும்பத்தான் ஏற்ற வேண்டும்.

நீளம் தப்பில்லைம்மா. "ஏற்காடு" நம் கண்ணுக்கு நான்கு எழுத்து: ஏ, ற், கா, டு. கணினி புள்ளியையும் துணைக்காலையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணும். அதனால் எழுத்தை எண்ணும் கேர் லெங்த் 7 என்று சொல்லும். லெங்த் என்று கேட்டால் பைட் (கணினியின் சேமிப்பு அளவு) கணக்கு, ஒன்றுக்கு 3 வீதம் 21 வரும். ஊர்ப் பெயருக்கு ஃபீல்டு வைக்கும்போது தாராளமாக 60, 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். "கெங்கவல்லி", "பெத்தநாயக்கன்பாளையம்" எல்லாம் உள்ளே வர வேண்டுமே.

மாணவர், சங்ககிரி: டெலீட்டில் வேர் போட மறந்து டேபிளே காலியாகிவிட்டது. டெஸ்ட் அன்று நடந்தால் என்ன செய்வது?

கையைத் தூக்குங்கள், நானோ லேப் உதவியாளரோ நகலிலிருந்து ஏற்றித் தருவோம். முதல் தடவைக்கு மதிப்பெண் குறையாது, போன நேரம் மட்டும் போனதுதான். நடக்காமல் இருக்க: முதலில் அதே வேரை வைத்து செலக்ட் ஓட்டுங்கள். வந்த ரோக்கள் நீங்கள் அழிக்க நினைத்தவைதானா என்று பாருங்கள். பிறகு ஸ்டார்ட் டிரான்சாக்ஷன் போட்டு டெலீட் கொடுங்கள். எத்தனை ரோ போயிற்று என்று திரை சொல்லும். சரி என்றால் கமிட் (உறுதி செய்வது), இல்லை என்றால் ரோல்பேக் (பழையபடி மீட்பது). டேபிளையே நீக்கும் டிராப், அதை மொத்தமாகக் காலி செய்யும் டிரங்கேட் இரண்டையும் மைஎஸ்க்யூஎல்லில் ரோல்பேக் காப்பாற்றாது. அவற்றை டெஸ்டில் தொடவே தேவையில்லை.