கிரகண நிழலில் ராக்கெட்டுகள்: கீழ் அயனி மண்டலம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: செயற்கைக்கோள்கள் இருக்கும்போது, சூரிய கிரகணத்தில் கீழ் அயனி மண்டலத்தை ஆராய ராக்கெட் எதற்கு?

பதில்: சூரியக் கதிர்கள் காற்றின் அணு, மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிப்பதால் (அயனியாக்கம்) உண்டாவது அயனி மண்டலம். அதன் அடிப்பகுதியில், ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் உயரம் வரை பரவியுள்ள டி அடுக்கு, பலூன்களுக்கு எட்டாத உயரத்திலும், காற்றின் இழுவையால் செயற்கைக்கோள்கள் நிலைத்துச் சுற்ற இயலாத தாழ்விலும் இருக்கிறது. அங்கே நேரில் சென்று அளக்க ஆய்வு ராக்கெட்டைத் தவிர வேறு வழியில்லை. அதுவும் அந்த அடுக்கைச் சில பத்து வினாடிகளில் கடந்துவிடும்.

கேள்வி: சூரியன் தினமும் மறைகிறதே, கிரகணத்துக்கு ஏன் காத்திருக்க வேண்டும்?

பதில்: மாலையில் சூரியன் சாயும்போது கதிர்கள் காற்றுக்குள் கடந்து வரும் தொலைவும் கூடிக்கொண்டே போவதால், எந்த மாற்றத்துக்கு எது காரணம் என்று பிரித்தறிவது கடினம். கிரகணத்திலோ சூரியன் வானில் உயர்ந்து நிற்கும்போதே கதிர்வீச்சு குறைந்து மீள்கிறது. எனவே, புதிய எலக்ட்ரான்கள் உருவாவது தடைப்பட்டதும், இருப்பவை எவ்வளவு விரைவாக நேர் அயனிகளோடு இணைந்து மறைகின்றன என்பதைக் கணிக்க முடிகிறது.

கேள்வி: முழுக் கிரகணத்தில் அயனியாக்கம் அடியோடு நின்றுவிடுமா, ஐயா?

பதில்: நிற்காது, இத்துறையில் என்னை இன்றும் வியக்க வைப்பது இதுதான். 1958 அக்டோபர் 12 அன்று, அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் ஹெர்பர்ட் ஃபிரீட்மன் குழுவினர் பசிபிக் கடலில் ஒரு கப்பலிலிருந்து ராக்கெட்டுகளை ஏவினார்கள். முழு மறைவின்போது சூரியனின் ஹைட்ரஜன் உமிழும் புறஊதாக் கதிரான லைமன் ஆல்ஃபா ஏறக்குறைய இல்லாமற்போனபோதும், எக்ஸ் கதிர்களில் ஒரு பங்கு தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. நிலவின் விளிம்புக்கு அப்பாலும் விரிந்திருக்கும், சூரியனின் வெளி வளிமண்டலமான ஒளிமகுடமே (கொரோனா) அவற்றின் ஊற்று என்பது இதனால் தெளிவாயிற்று. ஆகவே, லைமன் ஆல்ஃபா நைட்ரிக் ஆக்சைடை அயனியாக்குவதைப் பெரிதும் நம்பியிருக்கும் டி அடுக்கு வெகுவாகத் தேய்ந்தாலும், எக்ஸ் கதிர்களின் பங்கும் சேர்ந்த, அதற்கு மேலுள்ள ஈ அடுக்கு முற்றாக அழிவதில்லை.

கேள்வி: எலக்ட்ரான்களை எப்படி எண்ணுகிறார்கள்?

பதில்: பெரும்பாலும் லாங்மியூர் உணரியால். சிறிய உலோக முனைக்கு மின்னழுத்தம் கொடுத்து, அதில் பாயும் மின்னோட்டத்திலிருந்து அடர்த்தியைக் கணக்கிடுகிறார்கள்.

கேள்வி: ஒரு ராக்கெட் போதாதா?

பதில்: போதாது. 2024 ஏப்ரல் 8 கிரகணத்தின்போது நாசா, அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள வாலப்ஸ் ஏவுதளத்திலிருந்து உச்சத்துக்கு முன்பும், உச்சத்தை ஒட்டியும், பின்பும் என மூன்று ராக்கெட்டுகளை ஏவியது. கேரளத்தின் தும்பா ஏவுதளத்திலிருந்தும் 2010 ஜனவரி 15 கங்கண கிரகணத்தை ஒட்டி ராக்கெட்டுகள் ஏவப்பட்டன. கிரகணமில்லாத வேறொரு நாளில் அதே நேரத்தில் ஏவும் ராக்கெட்டைச் செலவு கருதிக் கைவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது இல்லையென்றால், அடுக்கில் நாளுக்கு நாள் நிகழும் இயல்பான ஏற்ற இறக்கத்தையே கிரகணத்தின் விளைவென்று எண்ணிவிடுவோம்.