மலையகம் ஏறப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

மன்னாரிலிருந்து ஒருவர்: ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளோடு வருகிறோம். சிவனொளிபாதமலை, ஹோர்ட்டன் சமவெளி, எல்ல மூன்றையும் போட்டிருக்கிறோம். சரிதானே?

சிவனொளிபாதமலையை எடுத்துவிடுங்கள். பெயருக்குத்தான் மலையகம் ஒன்று, மழைக்கு அது இரண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதுவதால் அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் ஓயாமல் நனையும். அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில், பண்டாரவளையிலும் எல்லயிலும், வெயில் காயும். மேற்குப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. ஒக்டோபர், நவம்பரில் எந்தப் பக்கமும் நம்ப முடியாது. காலை வெளிச்சமாக இருக்கும், பின்னேரம் இடியோடு கொட்டும். மண்சரிவும் அந்த மாதங்களில்தான் அதிகம்.

ஆகஸ்டுக்கு எல்லயில் தங்கிச் சுற்றுங்கள். குட்டி சிவனொளிபாதமலை 1,141 மீற்றர்தான், நகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சிறு பிள்ளைகளும் ஏறிவிடுவார்கள். ஆனால் தியலும நிரம்பி விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். 220 மீற்றர் உயரத்து நீர்வீழ்ச்சி, வறண்ட மாதத்தில் பாறையில் ஒட்டி வழியும். நிறைந்த அருவியும் காய்ந்த பாதையும் ஒரே வாரத்தில் கிடைப்பது அபூர்வம்.

அப்படியென்றால் ஏப்ரலில் நுவரெலியா?

அந்த சீசன் பூக்காட்சிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும். நடக்க வருகிறவர்கள் தவிர்ப்பது நல்லது, அறையும் கிடைக்காது.

வவுனியா வாசகர்: சிவனொளிபாதமலைக்கு இரவு இரண்டு மணிக்குப் புறப்படச் சொல்கிறார்கள். போதுமா?

எந்த நாள் என்பதைப் பொறுத்தது. நல்லதண்ணிப் பாதை ஏழு கிலோமீற்றர், ஏறத்தாழ 5,500 படி. அடிவாரத்திலிருந்து 2,243 மீற்றர் உச்சிக்கு ஆயிரம் மீற்றர் அளவு ஏற வேண்டும். பழக்கமில்லாதவருக்கு மூன்றரை முதல் நான்கு மணி நேரம். வார நாள் என்றால் இரண்டு மணி சரி. சனிக்கிழமை இரவும் போயா (பௌர்ணமி) இரவும் கணக்கு வேறு. கடைசிப் பகுதியில் கைப்பிடி போட்ட படிகளில் வரிசை அசையாது. அங்கேயே நின்று விடியலைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஏராளம். அந்த நாட்களில் இரவு பத்து மணிக்கே ஏறுங்கள், இல்லாவிட்டால் நாளை மாற்றுங்கள்.

வேகமாக ஏறி நாலு மணிக்கே உச்சியில் நிற்பதும் பிழை. வேர்வையில் நனைந்த சட்டையில் காற்றடிக்கும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் உடம்பு வெடவெடக்கும். பொதிக்குள் ஒரு காய்ந்த சட்டை வைத்து, உச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள கடையில் மாற்றுங்கள். மேலே சப்பாத்தைக் கழற்ற வேண்டும், தரை சில்லென்றிருக்கும். தடித்த காலுறை ஒரு சோடி தனியாக எடுங்கள். சூரியன் எழுந்ததும் எல்லோரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மேற்குப் பக்கம் போங்கள். மலையின் நிழல் கூர்முக்கோணமாக விழுந்து கிடக்கும், வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும்.

முழங்கால் பழுதாவது இறக்கத்தில்தான். படிகள் ஒரே உயரமில்லை. ஓடி இறங்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, தடியை முதலில் ஊன்றிப் பிறகு காலை வையுங்கள். டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரைதான் பருவம். அதற்கு வெளியே பாதையில் விளக்கும் இல்லை, கடையும் இல்லை. தனியாக ஏற வேண்டாம்.

மட்டக்களப்பு: ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய் 'உலக முடிவு' என்ற செங்குத்து விளிம்பில் வெள்ளைப் புகையைத்தான் பார்த்தோம். எங்கே பிழைத்தது?

நேரம். காலை ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து முகில் மேலேறி விளிம்பை மூடிவிடும். கீழ்நிலம் சூடேற, ஈரக்காற்று சரிவோடு எழுந்து குளிர்கிறது, அவ்வளவுதான். நுவரெலியாவிலிருந்து ஐந்து மணிக்கு முன் வாகனம் புறப்பட்டால், வாசல் திறக்கும் ஆறு மணியளவில் சேரலாம். சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றருக்கு மேல், மூன்று மணி நேரம் வேண்டும். பாதை பிரியும் இடத்தில் சிறிய உலக முடிவுப் பக்கம் முதலில் திரும்புங்கள். பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிக்கு முகில் தடையில்லை, அதைக் கடைசிக்கு விடுங்கள்.

வாசலில் பொலித்தீன் சோதனை உண்டு. பிஸ்கட்டைக்கூடக் காகிதப் பையில் மாற்றச் சொல்வார்கள். வீட்டிலிருந்தே டப்பாவில் போட்டு வந்தால் வரிசையில் பத்து நிமிடம் மிச்சம். விளிம்பில் நிற்கும்போது மட்டும் கவனம்: கீழே சுமார் 870 மீற்றர். புல் நுனி முடியும் இடத்தில் மண் உறுதியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

கொழும்பு: நடந்து ஏறக்கூடிய உயர்ந்த சிகரம் எது?

பேதுருதாலகாலை 2,524 மீற்றர், ஆனால் உச்சியில் பாதுகாப்பு வலயம். வாகனத்தில் மட்டுமே விடுவார்கள். காலால் ஏற வேண்டுமென்றால் ஹோர்ட்டன் சமவெளிக்குள் இருக்கும் கிரிகல்பொத்த, 2,388 மீற்றர். ஒரு பக்கம் ஏழு கிலோமீற்றர், சேறும் மூங்கில் புதரும். வாசலில் அனுமதி கேட்டு, பாதை தெரிந்தவரோடு போங்கள். அரை நாளில் ஓர் உச்சி பார்க்க ஆசையா, பட்டிப்பொல வாசல் பக்கத்துத் தொட்டுப்பொல போதும்: 2,357 மீற்றர், மிகவும் எளிது.

திருச்சியிலிருந்து வருகிறவர்: அருவிகளில் குளிக்கலாமா?

விழும் இடத்துக்கு நேர்கீழே வேண்டவே வேண்டாம். நீர் விழுந்து குடைந்த குழி ஆழமானது, உள்ளே சுழன்று இழுக்கும். நீந்தத் தெரிந்தவர்களும் அங்கேதான் மாள்கிறார்கள். தியலுமவின் மேல் தடாகங்களில் குளிப்பவர்கள், நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது. உங்களுக்கு வெயிலடிக்கும்போதே மேலே மழை பெய்திருக்கலாம். தெளிந்த நீர் கலங்கித் தேயிலைச் சாயம் போல் மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் தடித்தாலோ உடனே கரையேறுங்கள். துணியை எடுக்கக்கூட நிற்க வேண்டாம்.

பார்க்க மட்டும் என்றால் 263 மீற்றர் பம்பரகந்த. இலங்கையில் இதைவிட உயரமானது இல்லை. களுபஹனச் சந்தியிலிருந்து ஏற வேண்டும். சென் கிளேயர் நீர்வீழ்ச்சி பழைய படங்களில் இருப்பதுபோல் இப்போது இல்லை, மேல் கொத்மலை மின்திட்டத்துக்கு நீர் போகிறது.

எல்லயில் ஒன்பது வளைவு ரயில் பாலத்தில் நடந்து படமெடுக்கலாமா?

தண்டவாளத்தில் நடப்பது குற்றம். பாலத்தின் ஒரு முனையில் சுரங்கம், வளைவும் இருக்கிறது. ரயில் தெரியும்போது அது உங்களிடம் வந்திருக்கும். மேலே தேயிலைச் சரிவிலிருந்து எடுங்கள், படமும் அங்கிருந்துதான் முழுதாக விழும்.

மழை நாளில் மண்சரிவை எப்படி அறிவது?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என எச்சரிக்கை விடும். போகும் ஊரின் பெயர் செம்மஞ்சளில் இருந்தாலே பயணத்தை நிறுத்துங்கள். 2025 நவம்பர் டித்வா புயல் மலையகத்தை உலுக்கிவிட்டது. அதனால் பழைய பயணக் குறிப்பை நம்பாமல், தங்குமிடத்தாரிடம் பாதையும் ரயிலும் எப்படி என்று கேட்டுப் புறப்படுங்கள். நடக்கும்போது சரிவில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், இல்லாத இடத்தில் சேற்று ஊற்று கண்டால் திரும்புங்கள்.

தேயிலைத் தோட்டத்துக்குள் நடக்கிறோம். அட்டைக்கு என்ன செய்வது?

காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் விட்டு, வெளிப்புறம் சவர்க்காரத்தைத் தேயுங்கள். வெளிர் நிறக் காலுறை என்றால் ஏறுவது தெரியும். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், நகத்தால் வாய்ப்பக்கம் வழித்தால் விடும். இரத்தம் உறையாமல் வெகுநேரம் கசியும், அழுத்திக் கட்டினால் போதும். அட்டையைவிடக் குளவிக்குப் பயப்படுங்கள். தோட்டத்தில் கொழுந்து பறிப்போர் அடிக்கடி கொட்டு வாங்குகிறார்கள். அவர்கள் ஒரு மரத்தைக் காட்டி அந்தப் பக்கம் போகாதே என்றால், காரணம் கேட்காமல் சுற்றிப் போங்கள்.