வெள்ளைக் குட்டியின் கண்ணடியில் செம்பழுப்புக் கோடு: பொடியை நிறுத்துங்கள், கண்ணைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது எட்டு மாதப் பெண் ஷிட்சு இன நாய்க்குட்டி. கொழும்பிலுள்ள தரகர் ஒருவர் இரவுப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது. வந்து சில வாரங்களில் இரண்டு கண்களின் உள்மூலையில் இருந்தும் செம்பழுப்புக் கோடு இறங்கத் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டார் இரத்தம் கசிகிறது என்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று இன்னொருவர் சொன்னதால், இப்போது குட்டிக்குப் போத்தல் தண்ணீர். தரகரோ பெயரும் விபரமும் இல்லாத வெள்ளைப் பொடிப் பொட்டலம் ஒன்றை 4500 ரூபாவுக்குக் கொடுத்திருக்கிறார். பொடி கலந்த சோற்றைக் குட்டி முகர்ந்துவிட்டு விலகிப் போய்விடுகிறதாம். “இது கண் நோயா? பொடியைத் தொடரலாமா?” என்று கேட்கிறார்.

பொடியை இன்றே நிறுத்துங்கள். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் பயம் தீரட்டும்.

அது இரத்தம் அல்ல. உடம்பில் பழைய செவ்வணுக்கள் உடையும்போது போர்பிரின் என்ற நிறப்பொருள் உண்டாகிறது. அதன் பெரும்பங்கு மலத்தோடு போய்விடும். ஒரு சிறு பங்கு நாயின் கண்ணீரிலும் எச்சிலிலும் கலந்திருக்கும். மயிரில் ஊறி வெயில் பட்டால் அது செம்பழுப்பாகக் கறுக்கும். குட்டி அடிக்கடி நக்குகிற முன்னங்காலைப் பாருங்கள், அங்கேயும் இதே நிறம் இருக்கும். கறுப்பு நாய்க்கும் இதே கண்ணீர்தான், நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். எனவே கிணற்றின் மேல் பழி போடாதீர்கள். நமது சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் கடினமானது என்பதும், கேத்திலின் அடியில் வெள்ளை படிகிறது என்பதும் உண்மை. ஆனால் போர்பிரின் கிணற்றில் ஊறுவதல்ல, நாயின் உடம்பில் உண்டாவது. போத்தல் தண்ணீருக்குச் செலவழிக்கும் காசை மிச்சம் பிடியுங்கள்.

நிறத்தை விட்டுவிட்டு, கண்ணீர் ஏன் முகத்தில் வழிகிறது என்று கேளுங்கள். இமைகளின் உள்மூலையில் ஊசிமுனை அளவான துளைகள் இருக்கின்றன. கண்ணீர் அவற்றின் வழியாக மூக்குக்குள் வடிந்துவிட வேண்டும். ஷிட்சு போன்ற தட்டை மூக்கு நாய்களுக்குக் கண்குழி ஆழமில்லை, கண் வெளியே பிதுங்கி நிற்கும். மூக்கோரத்து மயிர் சரிந்து கண்ணைத் தொடும். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்த மயிர் கண்ணீரை வெளியே இழுத்துவிடும். உங்கள் குட்டிக்கு இரண்டு கண்ணிலும் ஒரே அளவில், மெல்ல மெல்லக் கூடியிருப்பதால், இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நான்கு மாதத்துக்கும் ஏழு மாதத்துக்கும் இடையில் பல் மாறும்போது கண்ணீர் கூடுவதும் உண்டு. சோளகம் எனும் தென்மேற்குக் காற்றில் செம்மண் புழுதி பறக்கும் மாதங்களில் அது இன்னும் கூடும்.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து, காலையும் மாலையும் கண்ணின் உள்மூலையில் இருந்து கீழ்நோக்கித் துடையுங்கள். ஒரு கண்ணுக்குத் தொட்ட பஞ்சு மற்றக் கண்ணுக்கு வேண்டாம். துடைத்தபின் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது வேலையைத்தான். ஈரம் நின்றால் தோல் புளித்து மணக்கும், பூஞ்சணம் பிடிக்கும். மூக்கோரத்து மயிரை முனை மழுங்கிய கத்தரிக்கோலால் குறைக்க வேண்டும். அரைகுறையாக வெட்டினால் குச்சிபோல் நிமிர்ந்து கண்ணைக் குத்தும். அது நீண்ட மயிரைவிடக் கேடு. முதல் தடவையை ஒரு மிருக வைத்தியரிடம் பார்த்துப் பழகுங்கள். ஏற்கனவே கறைபட்ட மயிர் வெளுக்காது. வளர்ந்து, வெட்டுப்பட்டுத்தான் போகும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். தேசிக்காய்ச் சாறு, ஹைட்ரஜன் பெரொக்சைட், போரிக் பவுடர் எதையும் கண்ணுக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம். தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு என்று அன்போடு சொல்லும் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, அவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

இனிப் பொடி. இந்தப் பொட்டலங்களைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். கறையைப் போக்கும் என்று விற்கப்பட்ட பொடிகள் பலவற்றில் இருந்தது டைலோசின் என்ற அன்டிபயோட்டிக். கோழி, பன்றி, மாடுகளின் நோய்க்குப் பயன்படும் மருந்து அது. அதைச் சேர்த்துக் கறைநீக்கிகள் விற்ற நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி பெறாத மருந்து என்பதே குற்றச்சாட்டு. கறை குறைகிறதா என்றால், குறையும். அதனால்தான் விற்கிறது. நிறுத்தியதும் திரும்பி வரும், அப்போது அடுத்த பொட்டலம் வாங்க வேண்டும். ஒரு நிறத்துக்காக மாதக்கணக்கில் அன்டிபயோட்டிக் கொடுத்தால், நாளை உண்மையான தொற்று வரும்போது கிருமிக்கு மருந்து பழகிப்போயிருக்கும். டைலோசின் கடுமையாகக் கசக்கும். உங்கள் குட்டி சோற்றை விட்டு விலகியதை வாசித்ததும் எனக்கு எழுந்த சந்தேகம் அதுதான். பெயரில்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று விற்றவருக்கும் தெரியாது. இதே தரகர்கள்தாம் ஐந்து வாரம்கூட நிரம்பாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, இரண்டு மாதம் என்று சொல்லி அட்டைப் பெட்டியில் பஸ் ஏற்றுகிறார்கள். குட்டியின் கண்ணை ஒருநாளும் விரித்துப் பார்க்காதவரிடம் கண்ணுக்கு மருந்து வாங்காதீர்கள்.

பொடியைவிட எனக்குப் பயம் தருவது பாமசியில் கேட்டவுடன் கிடைக்கும் கண்துளி. மனிதருக்கான அந்தத் துளி மருந்துகள் சிலவற்றில் டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் கலந்திருக்கும். ஒரே நாளில் சிவப்பு மறைந்துவிடும், வீட்டார் மகிழ்ந்துபோவார்கள். கருவிழியில் கீறலோ புண்ணோ இருந்தால், அதே துளி புண்ணை ஆறவிடாமல் கரைத்து ஆழமாக்கும். போன சோளகத்தில் சாவகச்சேரியில் இருந்து ஒரு பொமரேனியனைக் கொண்டுவந்தார்கள். ஆறு நாள் துளி விட்டிருந்தார்கள். கருவிழி துளைபட்டுவிட்டது, கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. மருந்துச் சீட்டுக் கேட்காமல் எடுத்து நீட்டியவரை யாரும் விசாரிக்கப்போவதில்லை. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, துளி மருந்து கடைத் தட்டில் இருக்கிறது.

கண்ணை இடுக்கினால், காலால் தேய்த்தால், கருவிழி நீலமாகவோ மங்கலாகவோ தெரிந்தால், மஞ்சள் அல்லது பச்சைப் பீளை வந்தால், ஒருநாளுக்குள் திடீரென வழியத் தொடங்கினால், அன்றைக்கே கொண்டுபோங்கள்.

ஒரு விடயத்தை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க, ஃபுளோரசீன் என்ற சாயத்தைக் கண்ணில் ஒரு துளி விடுவோம். சில நிமிடங்களில் அது மூக்குத் துவாரத்தில் பச்சையாக வந்தால் குழாய் திறந்திருக்கிறது. வராவிட்டால் அடைப்பு என்று உடனே முடிவுகட்டி, “சத்திரசிகிச்சை வேண்டும்” என்று சொல்லிவிடுகிறார்கள். நீளமூக்கு நாயில் அந்தச் சந்தேகம் நியாயமானது. ஷிட்சுவில் அப்படியல்ல. தட்டை மூக்கு நாய்களில் சாயம் மூக்கின் முன்பக்கம் வராமல் பின்பக்கமாகத் தொண்டைக்குள் இறங்கிவிடலாம். குழாய் நன்றாகவே இருக்கும், மூக்கு மட்டும் உலர்ந்திருக்கும். ஆகவே மூக்கைப் பார்த்தபின் வாயையும் திறந்து, நாக்கின் பின்புறம் பச்சை தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாய் உடனே விழுங்கிவிட்டால் அதுவும் தெரியாது. வேறொரு நாள் மறுபடி பார்க்கலாம். இரண்டு கண்ணிலும் சமமாக வழியும் ஒரு குட்டிக்கு இந்தச் சோதனை ஒன்றை மட்டும் நம்பி யாரும் கத்தி வைக்கக் கூடாது.

அப்படிச் சத்திரசிகிச்சை வேண்டும் என்று சொல்லப்பட்டு மலைத்துப்போன இரண்டு குடும்பங்கள் கடந்த வருடம் என்னிடம் வந்தன. நாட்டில் மிருக வைத்திய பீடம் இருப்பது பேராதனையில் மட்டும்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து ஏ9 வீதியால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு போய் வரச் சாதாரண குடும்பத்தால் முடியுமா? இங்கே அரச மிருக வைத்திய அலுவலகங்கள் மாட்டையும் ஆட்டையும் மனதில் வைத்து அமைக்கப்பட்டவை. அங்குள்ளவர்கள் தங்களால் இயன்றதைச் செய்கிறார்கள். நாயின் கண்ணைப் பெருக்கிப் பார்க்கும் கருவி கேட்டு எழுதிய கடிதங்களுக்கு வந்த பதில், “அடுத்த வருடம்”. அந்த இடைவெளியில்தான் தரகரின் பொட்டலம் நுழைகிறது.

உங்கள் குட்டியை இந்த வாரத்துக்குள் ஒரு தடவை அருகிலுள்ள மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். அன்று காலை கண்ணைத் துடைக்க வேண்டாம். வழிவதை அப்படியே பார்க்க வேண்டும். மிச்சமிருக்கும் பொடியை எறிந்துவிடாமல், பொட்டலத்தோடு எடுத்துக்கொண்டு போங்கள்.