தையல் இல்லாத வாசெக்டமி: பொது மருத்துவர்கள் கேட்டவை

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைக் கற்றுக்கொள்வது பற்றித்தான். அதனால் மற்றவற்றை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நான் வெறும் எம்.பி.பி.எஸ்.தான். வாசெக்டமி செய்ய எனக்கு அனுமதி உண்டா?
(ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், கரூர் மாவட்டம்)

உண்டு. அந்த ‘வெறும்’ என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். பெண்களுக்கு லேப்ராஸ்கோப்பி வழியாகச் செய்யும் கருத்தடைக்குத்தான் மத்திய அரசின் தர விதிகள் மேற்படிப்பு கேட்கின்றன. என்.எஸ்.வி. என்கிற தழும்பில்லாத ஆண் கருத்தடைக்கு, பயிற்சி பெற்ற எம்.பி.பி.எஸ். மருத்துவர் போதும். பயிற்சி முடித்துச் சான்று வாங்கி, மாவட்டத் தர உறுதிக் குழுவின் பட்டியலில் பெயர் ஏறியதும் ஆரம்பிக்கலாம். பெயர் ஏறுவதற்குள் ‘ஒரு கேஸ்தானே’ என்று கை வைத்துவிடாதீர்கள்.

பயிற்சியில் எது கஷ்டம்? கத்தியே இல்லை என்கிறார்களே?
(தனியார் மருத்துவர், தேனி)

கத்தி இல்லைதான். 1974-இல் சீனாவின் சிச்சுவானில் லீ ஷுன்சியாங் உருவாக்கிய முறை இது. இரண்டே கருவிகள்: குழாயைப் பிடிக்க நுனியில் வளையம் உள்ள ஒரு கிளாம்ப், தோலைத் துளைத்து விரிக்கக் கூர்முனை கொண்ட ஒரு டிசெக்டிங் ஃபோர்செப்ஸ். ஆனால் உங்களைத் திணறடிக்கப்போவது இந்த இரண்டும் அல்ல, உங்கள் இடது கை. நடுவிரலைக் கீழே கொடுத்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மேலே வர, விந்துக்குழாயைத் தோலுக்கு அடியில் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வேகாத சேமியா மாதிரி விறைப்பாக உருளும். பிடித்தோம் என்று நினைக்கும்போது நழுவிவிடும். முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் நழுவும். நான் பயிற்சிக்கு வருபவர்களிடம், கையுறைக்குள் டிரிப் டியூப் துண்டைப் போட்டு, டிவி பார்த்துக்கொண்டே விரல்களால் பிடித்துப் பழகச் சொல்வேன். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

அறை குளிர்ந்தால் வேலை கெட்டது. விதைப்பை சுருங்கிக்கொள்ளும், குழாய் மேலே ஏறிவிடும். ஏ.சி.யை அணையுங்கள். தோலைத் துடைக்கும் மருந்தையும் வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். படுத்திருப்பவர் பயந்திருந்தாலும் இதே கதைதான், அதனால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். மரத்துப்போகச் செய்யும் மருந்தான, அட்ரினலின் கலக்காத 2 சதவீத லிக்னோகெய்னைக் குழாயை ஒட்டியே மேல்நோக்கிச் செலுத்தி, முழுதாக மரத்துப்போகும்வரை பொறுங்கள். அவசரப்பட்டு அவர் ஒரு தடவை ‘அம்மா’ என்று கத்திவிட்டால், அந்தச் சத்தம் ஊர் முழுக்கப் போய்விடும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. இரண்டு குழாயையும் ஒரே துளை வழியாக எடுப்பதால், ஒரே பக்கத்துக் குழாயை இரண்டு முறை கட்டிவிடும் ஆபத்து இருக்கிறது. ‘நமக்கா அப்படி நடக்கும்?’ என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வெளியே எடுத்த குழாயை மெல்ல இழுத்துப் பாருங்கள். அந்தப் பக்கத்து விதை அசையும். வலது ஒரு தடவை, இடது ஒரு தடவை என்று வாய்விட்டுச் சொல்லி, நர்ஸைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெட்டிக் கட்டிய பிறகு, ஒரு முனையைச் சுற்றி அதன் உறைச் சவ்வை மூடிக் கட்டுவதையும் விட்டுவிடாதீர்கள். முனைகள் மறுபடி ஒட்டாமல் காப்பது அதுதான்.

பயிற்சி முடித்து ஆறு மாதம் ஆகிறது. ஒருவரும் வரவில்லை. கற்றதே மறந்துவிடும் போலிருக்கிறது.
(வட்டார மருத்துவ அலுவலர், திருவண்ணாமலை மாவட்டம்)

எனக்கு அதிகம் வரும் புலம்பல் இது, நியாயமானதும்கூட. 1959-லேயே வாசெக்டமி செய்துகொண்டவருக்கு 30 ரூபாய் கொடுத்த மாநிலம் நம்முடையது, அன்று மெட்ராஸ். அப்போது குடும்பக் கட்டுப்பாடு என்றால் ஆண்களும் வரிசையில் நின்றார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல் கருத்தடைகள் நடந்தன. பெரும்பாலானவை ஆண்களுக்கு, பல கட்டாயத்தின் பேரில். அந்தப் பயம் ஆண்கள் மனதில் ஆழமாக இறங்கிவிட, மொத்தச் சுமையும் பெண்கள் தலையில் விழுந்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் பெண் கருத்தடை 37.9 சதவீதம், ஆண் கருத்தடை 0.3.

போஸ்டர் ஒட்டி இது மாறாது. இரண்டாவது குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் தம்பதியிடம் பேசுங்கள். ஆண் கேட்க நினைத்தும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கும்: ‘அதுக்கப்புறம் முடியுமா சார்?’ அவர் வாய் திறக்கும் முன் நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். ஹார்மோன் போவது ரத்தம் வழியாக, இந்தக் குழாய் வழியாக அல்ல. வெளிவரும் திரவத்தில் விந்தணுக்களின் பங்கு மிகச் சொற்பம், அதனால் அளவில் வித்தியாசம் தெரியாது. ‘உழைக்கிற உடம்பு, பலம் போயிடும்’ என்று தடுப்பது பெரும்பாலும் அவருடைய அம்மா. அவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். இரண்டு நாள் ஓய்வு, பாரம் தூக்க ஒரு வாரம், அவ்வளவுதான். ஒருவர் செய்துகொண்டு பழையபடி மூட்டை தூக்குவதை ஊர் பார்த்தால், அடுத்தவர் தானாக வருவார்.

அதுவரை கை மறக்காமலிருக்க, ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை நடக்கும் ஆண் கருத்தடை இருவாரத்தில் மாவட்ட மருத்துவமனைக்குப் போய் உங்கள் பயிற்றுநருடன் நில்லுங்கள்.

மனைவி கையெழுத்து வேண்டுமா?
(பெயர் வேண்டாம் என்றவர்)

வேண்டாம். கணவரின் உடம்பு, கணவரின் ஒப்புதல். ஆனால் மனைவியும் கூட வந்தால் நல்லது. ஏன் என்பது அடுத்த பதிலில்.

நான் செய்த ஒருவரின் மனைவி நான்கு மாதத்தில் கர்ப்பம். வழக்குப் போடுவார்களோ என்று தூக்கமில்லை.
(பொது மருத்துவர், விழுப்புரம் மாவட்டம்)

உங்கள் தூக்கம் இருக்கட்டும், முதலில் அந்தப் பெண்ணை நினையுங்கள். ‘எனக்கு ஆபரேஷன் ஆயிடுச்சே, இது எப்படி?’ என்ற கேள்வி அவர் வீட்டில் ஏற்கெனவே எழுந்திருக்கும். இன்றைக்கே கணவரைக் கூப்பிட்டு விந்துப் பரிசோதனை செய்யுங்கள். கட்டிய இடத்துக்கு மேலே மிச்சமிருக்கும் அணுக்கள் வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை போடாமல் இருந்திருப்பார்கள், பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். மூன்றாம் மாதப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதியான பிறகும், ஏறக்குறைய 2,000 பேரில் ஒருவருக்குக் குழாய் தானாக ஒட்டிக்கொள்வதுண்டு. எது காரணம் என்றாலும், சந்தேகம் மனைவி மேல் விழக்கூடாது என்பதை நீங்களே, அந்த வீட்டுப் பெரியவர்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.

வழக்கு விஷயம்: ஆபரேஷன் பலிக்கவில்லை என்பதாலேயே மருத்துவர் அலட்சியம் காட்டினார் என்று ஆகாது என, 2005-இல் பஞ்சாப் அரசு எதிர் சிவ ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பலிக்காமல் போகலாம் என்ற வரி ஒப்புதல் படிவத்தில் இருக்கிறதா, அதை அவருக்குப் படித்துக் காட்டினீர்களா என்று பாருங்கள். அரசுத் திட்டத்தில் அவருக்கு இழப்பீடு உண்டு. விண்ணப்பத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள், தாமதிக்காதீர்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். மூன்றாம் மாதம் அவர் பரிசோதனைக்கு வந்தாரா? வரவில்லை என்றால் யாராவது தேடினார்களா? முகாமில் செய்துவிட்டுப் போகும் சர்ஜனால் அது முடியாது. அதே ஊரில் இருக்கும் உங்களால் முடியும். என் மேஜையில் இதற்கென்றே ஒரு டைரி இருக்கும். ஆபரேஷன் செய்த அன்றே மூன்று மாதம் தள்ளிப் பக்கத்தைத் திருப்பி, கணவர் பெயரையும் மனைவியின் போன் நம்பரையும் எழுதிவிடுவேன். ஆண்கள் போனை எடுப்பதில்லை.