தூதர் பதவி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அயலுறவுப் பணித் தேர்வுக்குப் படித்துவருகிறேன். மூன்றாம் செயலாளராகச் சேர்பவர் தூதராக எத்தனை ஆண்டுகள் ஆகும்? சேர்ந்த எல்லோருக்கும் அந்தப் பதவி கிடைக்குமா? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: பெரும்பாலான நாடுகளில் இருபது ஆண்டுகளையாவது கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் செயலாளர், இரண்டாம் செயலாளர், முதல் செயலாளர், ஆலோசகர் என்று படிப்படியாக ஏறி, தூதரகத்தின் துணைத் தலைவராகச் சில காலம் பணியாற்றிய பிறகே தூதர் பொறுப்பு வருவது வழக்கம். முதன்முறை கிடைப்பது பெரும்பாலும் நான்கைந்து அதிகாரிகளே உள்ள சிறிய தூதரகமாக இருக்கும். அதைக் குறைவாக எண்ண வேண்டாம். பெரிய தலைநகரில் ஒரு பிரிவை மட்டும் கவனித்தவர், அங்கேதான் அரசியல், வணிகம், கடவுச்சீட்டு, கட்டடப் பராமரிப்பு என அனைத்துக்கும் தாமே பொறுப்பாவார்.

எல்லோருக்கும் கிடைக்குமா என்றால், கிடைக்காது. தலைமையகத்திலேயே ஓய்வு பெறுபவர்களும் உண்டு. அமெரிக்கா போன்ற நாடுகளில், பணிக்கு வெளியே இருப்பவர்களையும் அரசியல் அடிப்படையில் தூதர்களாக நியமிக்கும் வழக்கம் இருப்பதால், தொழில்முறை அதிகாரிகளுக்கு எஞ்சும் இடங்கள் இன்னும் குறைகின்றன. நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு மாறும் இந்த வாழ்க்கையில் பிள்ளைகளின் படிப்பும் வாழ்க்கைத்துணையின் வேலையும் படும் பாட்டைத் தேர்வுக்கு முன்பே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

கேள்வி: ஒருவர் தூதராக நியமிக்கப்பட்டதாகச் செய்தி வருகிறது. ஆனால் அவர் பொறுப்பேற்கச் சில மாதங்கள்கூட ஆகின்றன. ஏன் இந்தத் தாமதம்? (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: செய்தி வருவதற்கு முன்பே ஒரு தாமதம் கடந்துபோயிருக்கும், அது வெளியே தெரிவதில்லை. தூதரக உறவுகளுக்கான 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் நான்காம் பிரிவின்படி, அனுப்பும் நாடு முதலில் ஏற்கும் நாட்டின் இசைவைப் பெற வேண்டும். ஏற்கும் நாடு மறுக்கலாம். மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. மறுப்பைப் பகிரங்கமாகச் சொல்வதைவிடப் பதிலே அனுப்பாமல் இருந்துவிடும் அரசுகள் உண்டு. நாள்கள் கடந்தும் பதில் வராவிட்டால், பொருள் புரிந்துகொண்டு வேறொருவர் பெயரை அனுப்புவார்கள். பெயரை முன்கூட்டியே அறிவித்துவிட்டால் இருதரப்புக்கும் சங்கடம் என்பதால்தான் இதெல்லாம் ஓசையின்றி நடக்கிறது.

இசைவு கிடைத்த பிறகு, அனுப்பும் நாட்டின் தலைவர் ஏற்கும் நாட்டின் தலைவருக்கு எழுதிய நற்சான்றுப் பத்திரத்தோடு தூதர் புறப்படுகிறார். அதை நேரில் கையளிக்கும் நாளுக்காகக் காத்திருக்க நேரலாம். சில நாடுகளில் பத்திரத்தின் நகலை வெளியுறவு அமைச்சகத்தில் ஒப்படைத்தாலே பணி தொடங்கியதாகக் கொள்வார்கள். இரண்டு முறைகளையும் உடன்படிக்கை ஏற்கிறது. பொறுப்பேற்ற நாளுக்கும் நேரத்துக்கும் ஒரு முக்கியத்துவம் உண்டு. ஒரு தலைநகரிலுள்ள தூதர்களின் முன்னுரிமை வரிசை அதை வைத்தே அமைகிறது. வல்லரசின் தூதரே ஆனாலும், அவருக்கு முன் வந்த சிறிய நாட்டின் தூதருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். புதியவர் வரும்வரை தூதரகத்தை நடத்துபவரைப் பொறுப்புத் தூதர் என்பார்கள்.

கேள்வி: தூதருக்கும் உயர் ஆணையருக்கும் என்ன வேறுபாடு?

பதில்: வேலையில் ஒன்றுமில்லை. காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் தூதர்களுக்கு உயர் ஆணையர் என்று பெயர், அவ்வளவுதான்.

கேள்வி: அரசு சொல்வதை அப்படியே ஒப்பிப்பதுதான் தூதரின் வேலை என்கிறார் என் நண்பர். அவருக்கென்று சொந்தக் கருத்து இருக்கக் கூடாதா? (வங்கி ஊழியர்)

பதில்: நண்பர் சொல்வது பாதி உண்மை. வெளியே பேசும்போது தூதர் தம் அரசின் குரல். அங்கே சொந்தக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் அவர் தலைமையகத்துக்கு எழுதும் அறிக்கைகள் வேறு வகை. அங்கே அரசு கேட்க விரும்புவதை மட்டும் எழுதுபவர், சம்பளத்துக்குரிய வேலையைச் செய்யவில்லை என்பேன். தூதரின் தரத்தை விருந்துகளிலோ ஒளிப்படங்களிலோ தேடுவதில் பயனில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் ஆவணக் காப்பகத்தில் திறக்கப்படும் அந்தக் கடிதங்களில்தான் அது இருக்கும்.

இந்த இரண்டு பாதிகளையும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் காணலாம். ஜார்ஜ் கென்னன் அமெரிக்க அயலுறவுப் பணியில் இளம் வயதிலேயே சேர்ந்து, ரஷ்ய மொழியை முறையாகக் கற்றுத் தேர்ந்தவர். 1946 பிப்ரவரியில் மாஸ்கோ தூதரகத்துக்குப் பொறுப்பாக இருந்தபோது, சோவியத் நடத்தையை விளக்கி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களில் ஒரு நீண்ட தந்தியை வாஷிங்டனுக்கு அனுப்பினார். அப்போது அவர் தூதர் அல்லர். ஆயினும் தூதர்கள் பலரின் அறிக்கைகளுக்குக் கிடைக்காத செல்வாக்கு அதற்குக் கிடைத்தது. 1952-இல் அதே மாஸ்கோவுக்குத் தூதராகவே சென்றார். செப்டம்பரில் பெர்லின் விமான நிலையத்தில் செய்தியாளர்கள் கேட்டபோது, மாஸ்கோவில் வெளிநாட்டுத் தூதர்கள் வாழும் தனிமையை, போர்க்காலத்தில் நாஜி ஜெர்மனியில் தாம் காவலில் வைக்கப்பட்டிருந்த நாள்களோடு ஒப்பிட்டுப் பேசிவிட்டார். அக்டோபர் தொடக்கத்தில் சோவியத் அரசு அவரை விரும்பத்தகாத நபர் என்று அறிவித்தது. தூதராக மாஸ்கோவில் அவர் இருந்தது ஐந்து மாதங்கள்கூட இல்லை. தந்தியில் அவர் எழுதியது அதைவிடக் கடுமையானது. ஆனால் அது விமான நிலையத்தில் பேசியது அல்ல.