4294967297 என்ற எண்ணில் அப்படி என்ன விசேஷம்?

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. பார்க்க சாதாரண எண்தான், ஆனால் கணித மேதை ஃபெர்மாவையே சறுக்க வைத்தது. இது 2³² + 1.

2¹ + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1, 2¹⁶ + 1 ஆகியவை முறையே 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். அடுக்கை இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் எப்போதும் பகா எண்தான் வரும் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா நம்பினார். அடுத்ததே கவிழ்த்துவிட்டது. 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் காட்டியது:

4294967297 = 641 × 6700417

கணினி இல்லாமல் 641-ஐ எப்படிப் பிடிப்பது? இந்த எண்ணின் எந்தப் பகா வகுத்தியையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641… ஐந்தாவது முயற்சியிலேயே மாட்டிக்கொள்ளும்! ஃபெர்மா ஏன் இதைத் தவறவிட்டார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

வகுத்துப் பார்க்காமலே சரிபார்க்கவும் வழி உண்டு. 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 640; அது 641-க்கு ஒன்று குறைவு என்பதால் மீதி −1 எனலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸-இன் மீதி 1. சரி, 641 என்பது 625 + 16, அதாவது 5⁴ + 2⁴-உம் கூட. எனவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். −2³²-இன் மீதி 1 என்று வருகிறது. அப்புறம் 2³² + 1 மீதியின்றி வகுபடாமல் எங்கே போகும்?

65537-க்குப் பிறகு இந்த வரிசையில் இன்னொரு பகா எண் இன்றுவரை சிக்கவில்லை.