வேலை முடிந்த பிறகும் உடல் இறுகியே இருப்பது ஏன்? என்ன செய்யலாம்?

வீடு திரும்பிய பிறகும் கழுத்தும் தோளும் இறுகுகின்றன, வயிறு எரிகிறது, நடு இரவில் விழிப்பு வந்துவிடுகிறது, மருத்துவப் பரிசோதனையிலோ குறை ஒன்றும் தெரியவில்லை, இது மன அழுத்தத்தால்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதனாலேயே இருக்கலாம். ஆனால் மனம் அமைதியடையட்டும் என்று காத்திருக்காமல், உடலிலிருந்தே தொடங்குவது எளிது என்பது என் அனுபவம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் மருந்துக்கடையை ஒட்டிய சிறிய கிளினிக்கில் செவிலியராக இருக்கிறேன். இரத்த அழுத்தம் பார்க்க வந்து அமர்பவரின் தோள்கள் மேலே ஏறியிருப்பதும், பேசாதபோதும் தாடைத் தசை அசைவதும் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. "அக்கா, தோளைக் கொஞ்சம் கீழே விடுங்கள்" என்று சொன்ன பிறகுதான் அது ஏறியிருந்ததையே உணர்கிறார். முதுகைச் சாய்த்து, கால்களைப் பின்னாமல் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் இருக்கவைத்து மறுபடி அளந்தால், மேல் எண் 10 புள்ளிகளுக்கு மேல் இறங்கியிருப்பதைப் பலரிடம் கண்டிருக்கிறேன்.

ஹான்ஸ் செலியே என்ற ஆய்வாளர் 1936இல் இதன் அடிப்படையைப் பதிவு செய்தார். குளிர், காயம், அளவு மீறிய உழைப்பு என்று எலிகளுக்கு எந்தத் துன்பம் நேர்ந்தாலும், அட்ரினல் சுரப்பி பெருப்பதும் இரைப்பையில் புண் தோன்றுவதும் பொதுவாக இருந்தன. அந்தச் சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோன்களில் அட்ரினலின் இதயத்தை விரைவுபடுத்துகிறது, கார்டிசோல் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. ஓடித் தப்ப வேண்டிய உயிருக்கு இவை அத்தனையும் தேவை. மேலாளரின் மின்னஞ்சலைப் படித்தபடி நாற்காலியிலேயே இருப்பவருக்கோ, திரண்ட ஆயத்தம் செலவாக வழியின்றி உடலிலேயே தங்கிவிடுகிறது.

எங்கள் ஊரில் பலருக்கு வேலைநாள் அலுவலகத்தில் முடிவதில்லை. இருட்டிய பின் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, வழிப்பறிக்கு அஞ்சித் தெருவின் இரு முனைகளையும் பார்த்து, உள்ளே நுழைந்து, கேட் முழுதாக மூடும்வரை உடல் காவலில்தான் இருக்கிறது. ஆகவே எஞ்சினை அணைத்ததும் இறங்காமல் ஒரு நிமிடம் தங்கள் உடலைக் கவனிக்கும்படி அவர்களிடம் சொல்வேன்: விரல்கள் இன்னும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கின்றனவா, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று அழுத்துகின்றனவா? வாய் மூடியிருக்கும்போதும் பற்கள் தொடாமல் இருப்பதே இயல்பு. உங்களுக்கு அந்த நேரம் பேருந்தை விட்டு இறங்குவதாகவோ, செருப்பைக் கழற்றுவதாகவோ இருக்கலாம். நாள்தோறும் தவறாமல் வரும் ஒரு நேரமாக இருந்தால் போதும்.

இறுக்கம் தெரிந்ததும், 4 விநாடி மூச்சை இழுத்து 6 விநாடி மெல்ல விடுங்கள். வெளிமூச்சின்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிப்பதால், விடும் மூச்சு நீளமாக இருப்பது முக்கியம். சில நிமிடங்கள் தொடர்ந்தாலே வேறுபாடு புலப்படும். தோள் அப்போதும் இளகாவிட்டால், அதை வேண்டுமென்றே உயர்த்தி 5 விநாடி இறுக்கிப் பிடித்து, சட்டென்று விட்டுவிடுங்கள். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த தசைத் தளர்வு முறையின் அடிப்படை இது. இவற்றோடு மாலையில் சற்று வேகமாக நடக்க முடிந்தால் மிக நல்லது. காபி குடித்த 5 மணி நேரத்துக்குப் பிறகும் அதிலுள்ள கஃபீனில் ஏறக்குறைய பாதி உடலில் இருக்கும் என்பதால், பிற்பகலுக்குப் பின் அதைத் தவிருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே இதய நோயும் சர்க்கரை நோயும் அதிகம். "எல்லாம் டென்ஷன்" என்று வலியை ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. ஆகவே அதை அவ்வப்போது அளந்து பாருங்கள். உறக்கமின்மையும் வயிற்றெரிச்சலும் சில வாரங்கள் நீடித்தால் மருத்துவரிடம் மறுபடி செல்லுங்கள். மார்பில் அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்துகொண்டாலும், மூச்சுப் பயிற்சியில் நேரம் கழிக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.